மாடி வெயில்

துலிகாவின் விரல் மூட்டுகள் வீங்கிக்கிடந்தன. ரத்தத்தில் வைட்டமின் டி மிகவும் குறைவு என்று மாத்திரை எழுதிக்கொடுத்த பக்கத்துத் தெரு டாக்டர், "தினமும் வெயில்ல உட்காருங்க," என்றார்.

கணவன் அனிமேஷுக்கு அது போதும். காலையில் தெருமுனை அரட்டைக்கு ஓடுகிறவன், மறுநாளே கல்கத்தா வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்தான். அவளை உட்காரவைத்து, ஆரஞ்சுச் சுளை உரித்துக் கொடுத்தான்.

"முக்காடு எதுக்கு? எடு. வெயில் உள்ள இறங்க வேணாமா?"

"சரிங்க."

குளிர்காலம் முழுக்க இப்படியே போனது. வீக்கம் வடியவில்லை. ஆனால் கன்னங்கள் சிவந்தன.

"பாத்தியா, மூஞ்சில ரத்தம் ஊறுது!" என்று பூரித்தான். துலிகா சிரித்தாள்.

ஒருநாள் காய்ச்சலில் மயங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் லாஹிரியம்மா அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இது லூபஸ். உடம்பு தன்னையே தாக்கிக்கிற அழற்சி நோய். இதுல வைட்டமின் டி குறையறது சகஜம், அதுக்கு மாத்திரை போதும். வெயில் மட்டும் ஆகவே ஆகாது. கன்னச் சிவப்பும் நோய்தான்."

அனிமேஷ் தலையில் கைவைத்துக்கொண்டான். "ஐயோ, நானே கெடுத்துட்டேனே!"

டாக்டர் துலிகாவிடம் திரும்பினார். "ஏம்மா, வெயில்ல எரியலையா?"

"முதல் நாளே எரிஞ்சுது, டாக்டர்."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி!" என்று அலறினான் அனிமேஷ்.

துலிகா தலைகுனிந்தாள்.

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல, நீங்க எம்பக்கத்துல உட்கார்ந்து பேசினது அந்த மாடிலதாங்க. எரியுதுன்னு சொன்னா எழுந்து போயிடுவீங்களே."