மீன் வராத மாசம்

"ஜூன் வேண்டாம்மா. ஜூன்ல மீன் ரொம்ப வரும்."

சின்ன மாப்பிள்ளை இதைச் சொன்னதும் டிராவல்ஸ் ஆபீஸ் பெண்ணின் விரல்கள் கீபோர்டிலேயே நின்றுவிட்டன. மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு டிக்கெட்டும் படகும் அறையும் ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் அவள் வேலை. மீன் வரும் என்பதற்காக ஒரு மாதத்தை வேண்டாம் என்றவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

"வந்து விழற மீனைப் பிடிக்கிறதுல என்ன இருக்கு?" என்றான் மாப்பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனாரை ஓரக்கண்ணால் பார்த்தபடி. உள்ளுக்குள் ஒரே பயம்.

பயப்படாமல் என்ன செய்வான்? அவன் ரயில் பிடித்திருக்கிறான். அவனுக்குச் சளி பிடித்திருக்கிறது. மீன் மட்டும் பிடித்ததே இல்லை.

கல்யாணம் பேசப் போன அன்றைக்கு ஆரம்பித்த வினை. ஹால் சுவர் முழுக்க மாமனார் கையில் மீனோடு சிரிக்கும் படங்கள். "உங்களுக்கும் இதுல பழக்கம் உண்டா?" என்று அவர் கேட்க, "அதுதான் சார் எனக்கு உயிர்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மூத்த மாப்பிள்ளை இதய டாக்டர். இவன் மெத்தைக் கடையில் மேனேஜர். ஆனாலும் அந்த வீட்டில் மாமனாருக்குப் பக்கத்து நாற்காலி இவனுக்குத்தான். டாக்டர் சோபா ஓரத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பெற்றவர்கள்கூட இவனை இப்படி மதித்ததில்லை. குட்டு உடைந்தால் அந்த நாற்காலி போய்விடும் என்று நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது.

மாமனார் சாதாரண ஆள் இல்லை. ஒரு தடவைகூட வெறுங்கையோடு திரும்பியதில்லை. அதுவும் மீனைச் செதில் எடுத்து, துண்டு போட்டு, கழுவியே கொண்டுவந்து கொடுப்பார். வீட்டுப் பெண்களுக்குச் சிரமம் வைக்காத மனுஷன் என்று மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப் போவார்.

அவர் ரிட்டயர் ஆனதும் அந்த மாமியார்தான் திரியைக் கொளுத்திப் போட்டார். "ஒத்தையில போனது போதும். இனிமே மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க. எந்த மாசம் எங்க நல்லாக் கிடைக்கும்னு விசாரிச்சு, வருஷம் பூராவுக்கும் ஏற்பாடு பண்ணிட்டு வாங்க." சொந்தக்காரர்கள் நிறைந்த சபையில் சொன்னதால் யாராலும் தட்ட முடியவில்லை.

மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்ததில் மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு வழிதான் அகப்பட்டது. மீனே இல்லாத சமயம் பார்த்துப் போய்விட வேண்டும். யாருக்கும் எதுவும் சிக்காது, அதனால் இவனுக்குச் சிக்காததும் தெரியாது. ஆனால் இத்தனை அனுபவசாலி அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே!

"அப்ப மலை ஏரிக்கு எந்த மாசம் சார் போடட்டும்?" என்றாள் அந்தப் பெண்.

"அங்க எப்ப மீன் சுத்தமாக் கிடைக்காது?"

"ஜனவரியில சார். குளிருக்கு எல்லாம் அடியில போய்ப் படுத்துக்கும். தூண்டிலால மூக்குல இடிச்சாலும் திரும்பிப் பார்க்காது."

"ஜனவரியே போடுங்க."

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு மாப்பிள்ளையை உற்றுப் பார்த்தார். தொலைந்தோம் என்று மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான்.

"சபாஷ் மாப்பிள்ளை," என்றார் மாமனார். "நான் சொல்ல வந்ததை நீங்க சொல்லிட்டீங்க."

அதற்குப் பிறகு காரியம் சூடு பிடித்தது.

"ஆறு கடல்ல சேர்ற இடம் ஒண்ணு இருக்கு சார். அக்டோபர்ல போனா அள்ளலாம். மே மாசம்னா தண்ணியே முழங்கால் அளவுதான்."

"மே," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"தீவுப் பக்கம் ஆகஸ்ட்ல காத்து சரியில்ல, மீன் வராது. ஆனா விடியக்காலையில படகு எடுத்தா ஒண்ணு ரெண்டு மாட்டலாம்."

"அப்ப மத்தியானம் கிளம்பறோம்," என்றார் மாமனார்.

"கூட உள்ளூர் ஆள் ஒருத்தரை அனுப்பட்டுமா சார்? மீன் இருக்கிற இடத்துக்கே நேராக் கூட்டிட்டுப் போவார்."

"கூடவே கூடாது. எங்களுக்கே வழி காட்ட ஆளா?" என்று மாமனார் கோபித்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

அந்தப் பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கேட்டே விட்டாள். "தப்பா நினைச்சுக்காதீங்க சார். எல்லாரும் நல்ல சீசன் எதுன்னு கேட்டுத்தான் வருவாங்க."

"அதெல்லாம் கத்துக்குட்டிங்க கேக்கறதும்மா," என்றான் மாப்பிள்ளை. குரலில் இப்போது தெம்பு வந்திருந்தது. மாமனாரும் ஆமோதித்துத் தலையாட்டினார்.

இப்படியாக ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ஒரு மீனுக்கும் தொந்தரவு இல்லாமல் வருஷத்து ஏற்பாடு முடிந்தது. மாமனாரே பணத்தைக் கட்டினார்.

"நீங்க மெதுவா வாங்க மாமா, நான் காரை வாசலுக்குக் கொண்டு வந்துடறேன்," என்று மாப்பிள்ளை எழுந்தான். பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான் என்று அவனுக்கு மனசு இளகிவிட்டது. மெத்தைக் கடைக்காரன் நடையிலேயே ஒரு மிதப்பு தெரிந்தது.

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. படியில் காலடிச் சத்தம் ஓயும் வரை மாமனார் நாற்காலியைவிட்டு அசையவில்லை. பிறகு ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மேஜை மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, நீ சொன்ன மாசத்துல எல்லாம்... மாப்பிள்ளைக்கும் ஒண்ணும் சிக்காதுல்ல?"