எப்ப வேணும்னாலும் கழட்டிடலாம்

மூன்றாவது கான்கிரீட் மூட்டையை இளமாறன் மனைவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பிரித்தான். சொன்ன பொய்தான் காரணம்.

"தூணையெல்லாம் குழி தோண்டி கான்கிரீட்லதான் நிறுத்தணுமாம். சிட்டி ஆபீஸ்ல கண்டிப்பாச் சொல்லிட்டாங்க" என்று வியாழக்கிழமை மனைவி நாகமணியிடம் சொல்லியிருந்தான். சிட்டி ஆபீசுக்கு அவன் ஃபோனே செய்யவில்லை.

அமெரிக்காவில், சுகர் லேண்டில் அந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இன்றுவரை சுவரில் ஒரு ஆணி கிடையாது. இந்த 97ஆம் வருடத்து முருகன் காலண்டர்கூட டேப்பில்தான் தொங்குகிறது. வெயில் ஏறினால் பசை இளகி முருகன் கீழே விழுவார். நாகமணி எடுத்துக் கண்ணில் ஒற்றி மறுபடி ஒட்டுவாள்.

மகள் வெண்பா பெரியவளாவதற்குள் சொந்த ஊரான கோபிக்கே திரும்பிவிடுவது என்று பேச்சு. விமானம் ஏறுமுன் நாகமணி வாங்கிக்கொண்ட சத்தியம் அது. வெண்பாவுக்கு இப்போது பத்து முடிந்து பதினொன்று நடக்கிறது.

ஆகவே எதை வாங்கினாலும் அந்த வீட்டில் ஒரே கேள்விதான். கழட்ட முடியுமா?

கட்டில் கழன்றது. ஊஞ்சல் கழன்றது. நீச்சல் குளம் வேண்டும் என்று வெண்பா ஒரு கோடை முழுக்க உயிரை எடுத்தபோது, பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல மண்ணைத் தோண்டிக் கட்டாமல், தரைமேல் நிற்கிற வட்டக் குளமாகப் பார்த்து வாங்கியதும் அதனால்தான். நாலடி உயரத் தகரச் சுவர், உள்ளே நீல விரிப்பு. பார்க்க ஒரு பெரிய அண்டா மாதிரி இருக்கும். தண்ணீரைத் திறந்துவிட்டால் ஒரு மத்தியானத்தில் பிரித்துச் சுருட்டிவிடலாம்.

அந்த அண்டாவைச் சுற்றித்தான் இப்போது டெக், அதாவது மரத்தளம். ஏணியில் ஏறி இறங்கும்போது வெண்பா இரண்டு தரம் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள்.

சரி, போடலாம் என்ற நாகமணி, கையோடு நிபந்தனைகளும் போட்டாள். வீட்டுச் சுவரோடு சேர்க்கக் கூடாது. ஆணி கூடாது, ஸ்க்ரூ மட்டும். தூண்கள் மண்ணுக்குள் போகக் கூடாது, கடையில் விற்கிற கல்லின்மேல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இளமாறன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கிராஃப் பேப்பரில் வரைந்தும் காட்டினான். எண்ணெய்க் கம்பெனியில் குழாய்க்கு வரைபடம் போடுகிறவனுக்கு டெக் என்ன பிரமாதம்.

வரையும்போதே ஒன்று தெரிந்துபோயிற்று. அவனுக்குத் திரும்பிப் போக மனசில்லை.

அதை வாய்விட்டுச் சொல்லத் துப்பில்லாத மனுஷன் கான்கிரீட்டைத் துணைக்குக் கூப்பிட்டான். இவ்வளவையும் பிடுங்கிப் போட்டுவிட்டு யார் ஊருக்குப் போவார்கள் என்று ஒரு நப்பாசை.

நாலாவது குழியை எட்டிப் பார்த்தாள் நாகமணி. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"ஏனுங்க, ரண்டடி பத்துமுங்களா? இந்தக் களிமண்ணு மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். மூணடியாவே தோண்டிப் போடுங்க."

நிஜமாகச் சொல்கிறாளா, குத்திக் காட்டுகிறாளா? அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. மூன்றடி தோண்டினான். நம்பி வந்து மண் அள்ளுகிறவளை ஏமாற்றுகிறோமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

தூணை நிறுத்தியதும் அவளே ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் அரை நூல் என்று குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை அவனை விடவில்லை. அப்புறம் ஹோஸைப் பிடித்து கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டாள்.

மீதி மூட்டைகள் கராஜில் கிடந்தன. தூக்கித் தூக்கி அவனுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"சேனாபதி அண்ணங்கிட்ட கைவண்டி இருக்குதுங்க. ஃபோன் பண்ணிக் கேளுங்க. நெம்பர் டைரியில இருக்குது" என்றாள், தலை நிமிராமல்.

சேனாபதி இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர். இளமாறன் உள்ளே போய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோன் டைரியில் 'ச' பக்கத்தைத் திருப்பினான். சேனாபதி நம்பருக்குக் கீழே சிட்டி ஆபீஸ் நம்பர், அதற்கடியில் நாகமணியின் குண்டுக் கையெழுத்து.

'செவ்வாய். சிட்டி ஆபீசுக்குப் பேசினேன். வீட்டோடு ஒட்டாத டெக்குக்கு அவர்களைக் கேட்கவே வேண்டாமாம். கான்கிரீட் கட்டாயம் இல்லையாம். கல்மேல் நிறுத்தினாலே போதுமாம்.'

செவ்வாய்.

அவன் பொய் சொன்னது அதற்கு இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தான். நாகமணி ஐந்தாவது குழிக்குள் கைவிட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தவில்லை போலிருக்கிறது, மண்வெட்டியை எடுத்தாள்.

இளமாறன் சேனாபதிக்கு ஃபோன் போட்டுக் கைவண்டி கேட்டான். வைக்கப் போனவன், காலண்டர் மாட்டுகிற மாதிரி ஒரு ஆணி இருக்குமா என்றும் கேட்டான்.