முதல் பரிசு சிக்கனத்துக்கு

"உங்க வண்டி டீசலைக் குடிக்குதா, இல்ல டீசல்ல குளிக்குதா?"

முதலாளி இப்படிக் கேட்டதும் ஷெட்டே கொல்லென்று சிரித்தது. ஆமை அண்ணன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

பள்ளிக்கூட வேன்கள் நிற்கிற ஷெட் அது. மாசக் கடைசியில் டிரைவர்கள் கூட்டம் நடக்கும். குறைந்த டீசலில் அதிக தூரம் ஓட்டியவருக்குப் பரிசு, கடைசியாக வந்தவருக்குத் திட்டு. பரிசு இந்த முறையும் சிக்கனத்துக்குத்தான். அது பட்டப்பெயர், நிஜப் பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும். திட்டு வழக்கம்போல ஆமை அண்ணனுக்கு.

பரிசு, பளபளவென்று ஒரு பிளாஸ்க். சிக்கனம் அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டார்.

"எப்படிச் சாதிச்சீங்க? எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லுங்க."

"பெரிய வித்தையெல்லாம் இல்ல முதலாளி. டயர்ல காத்தைக் கல்லு மாதிரி ஏத்திடுவேன். ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் வெட்டிச் சுமை, கழட்டி வீட்டுல போட்டாச்சு. இறக்கம் வந்தா நியூட்ரல், வண்டி தானா உருளும். பிரேக் போட்டா வேகம் குறையும், மறுபடி மிதிச்சா டீசல் போகும். அதனால வளைவுல கூட என் கால் பிரேக் பக்கமே போகாது!"

படபடவென்று கைதட்டல்.

"கேட்டீங்களா அண்ணே?" முதலாளி ஆமை அண்ணன் பக்கம் திரும்பினார்.

"கேட்டேன் முதலாளி. மழை பேஞ்சா அந்த டயர் ரோட்டைப் பிடிக்காதே."

"யாரு சொன்னது?" சிக்கனத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் வண்டி மழையில வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகும், தெரியுமில்ல?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மறுபடியும் சிரிப்பு. முதலாளிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வேன்களைப் போன வருஷம்தான் மொத்தமாக விலைக்கு வாங்கினார் மனுஷன். எந்த டிரைவர் வீடு எங்கே என்று தெரியாது. டீசல் எங்கே போகிறது என்று மட்டும் அத்துப்படி.

"இந்த நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. தினமும் மேட்டுத் தெரு வரைக்கும் ஏறிப்போய் ஒரே ஒரு பிள்ளையைக் கூட்டிட்டு வர்றீங்களாமே? அது உங்க ரூட்டே இல்லையே! சிக்கனத்தோட ரூட்டாச்சே?"

"ஆமா முதலாளி."

"அப்புறம்?"

"பிள்ளையோட அப்பா ரொம்பக் கேட்டுக்கிட்டார். மாட்டேன்னு சொல்ல மனசு வரல."

"நல்லா இருக்கே! டீசல் அவரா ஊத்தறார்?"

முதலாளி மேஜையைத் தட்டினார். "இத்தனை நாள் பொறுத்துக்கிட்டேன், இனிமே முடியாது. நாளையிலிருந்து உங்க டயர்லயும் காத்து அப்படித்தான் இருக்கணும், ஸ்டெப்னி ஷெட்டுலதான் கிடக்கணும், இறக்கத்துல நியூட்ரல்தான். முடியாதுன்னா சாவியை வெச்சுட்டுக் கிளம்பிக்கிட்டே இருங்க."

சிரிப்பெல்லாம் சட்டென்று அடங்கிப்போனது. ஆமை அண்ணன் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருத்தர்தான். அது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"வண்டி நிறைய பிள்ளைங்க முதலாளி. என்னால ஆகாது."

முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம். "பேஷா போங்க! ஆள் கிடைக்காமலா போயிடும்? சிக்கனம், உங்க ரூட்தானே அது, நாளையிலிருந்து அந்த மேட்டுத் தெருப் பிள்ளையை நீங்களே ஏத்திக்கங்க."

சிக்கனத்தின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பிளாஸ்க்கைப் போட்டது போட்டபடி ஓடிவந்தவர், மேஜையிலிருந்த சாவியை எடுத்து ஆமை அண்ணன் கையில் திணித்தார்.

"ஐயையோ, என் வண்டி வேண்டாம் முதலாளி! அவ என் பொண்ணு!"