ஜிப்பிக்கு ஆகாத சோறு

விருந்துக்கு வந்த சீமாட்டி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டபோதே, ஆயா நவமணிக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

நாற்காலிக்கு அடியில் ஜிப்பி படுத்திருந்தது. முழங்கை நீளம்கூட இல்லாத நாய். உப்பிய வயிற்றோடு கிடந்த அதற்கு இரண்டாம் முறையும் காற்றுப் பிரிந்தது.

விருந்தாளியின் மோட்டார் புறப்பட்டதும், வீட்டு எஜமானியான வெள்ளைக்காரத் துரைசானி நவமணியையும் சமையற்காரர் பெஞ்சமினையும் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"ஜிப்பிக்கு வைத்தியர் என்ன சொன்னார்? குழைந்த சோறு, தோல் நீக்கிய கோழி. பருப்பு கூடாது, கடலை கூடாது, பால் கூடாது. ஒரு மாதமாகியும் வயிறு ஊதுகிறதென்றால், உங்களில் ஒருவர் வேறு எதையோ கொடுக்கிறீர்கள். சனிக்கிழமைக்குள் அது யாரென்று எனக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் இரண்டு பேருமே போகலாம்" என்றாள் அவளுக்குத் தெரிந்த மலாயில்.

ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம் அது. வேலை இழந்தவர்களை ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குப் போகும் கப்பல்களை நவமணி துறைமுகத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அந்தக் கரையில் அவளுக்கு யாரும் இல்லை. புருஷனைப் புதைத்தது பினாங்கு மண்ணில். துரைசானியின் பிள்ளைகளை இடுப்பில் சுமந்ததும் இங்கேதான். பிள்ளைகள் சீமைக்குப் படிக்கப் போனபின், நாயைக் குளிப்பாட்டுவதற்கென்று அவளை வைத்திருந்தார்கள்.

சமையற்கட்டுக்கு வந்ததும் பெஞ்சமின் முந்திக்கொண்டார்.

"உன் முந்தானை முடிச்சுல எப்பவும் வறுத்த கடலைதானே கெடக்கு, நவமணி? நாய் கெஞ்சினா ரெண்டு போட்டிருப்பே."

"எனக்கே பத்தல, இதுல நாய்க்கு வேறயா?"

"அப்ப நான்தான் கெடுத்தேங்கிறியா? இந்தா, சட்டியப் பாரு. பசார்ல கோழிக்கடை சுலைமான் என்னைக் கண்டாலே, 'நாய்த் தொரைக்கு நெஞ்சுக்கறி எடுத்து வெச்சிருக்கேன், எனக்கும் அந்த வீட்டுல ஒரு சங்கிலி இருக்கா'ன்னு கேக்கிறான்."

சட்டியில் கோழிக்கறி வெள்ளை வெளேரென்று வெந்துகொண்டுதான் இருந்தது.

"சட்டியில இருக்கிறது தெரியுதுண்ணே. அது நாயோட தட்டுக்கு வருதான்னுதான் தெரியல."

பெஞ்சமினின் முகம் கறுத்தது. "எம் மக ரீத்தா காய்ச்சல்ல செத்துப் பொழைச்சுப் பாயோட கெடக்கா. இந்த நேரத்துல பழி போடாதே. அதுல ஒரு துண்டு என் வாயில பட்டிருந்தா மாதா என்னைக் கேக்கட்டும்."



சனிக்கிழமை மதியம், வேலையாட்கள் குடியிருந்த பின்கட்டு வரிசைக்கு நவமணி ஓசைப்படாமல் நடந்தாள். கையும் களவுமாகப் பிடித்துத் துரைசானியின் முன்னால் நிறுத்திவிடுவது என்பது அவள் முடிவு. ஒருவர் போனால்தான் மற்றவர் தங்கமுடியும்.

பெஞ்சமின் வீட்டுச் சன்னல் திறந்திருந்தது. அதன் ஓரமாக நின்று உள்ளே பார்த்தாள். பிறகு, வந்த வழியே திரும்பிவிட்டாள்.

மாலையில் இருவரையும் நிறுத்தித் துரைசானி கேட்டாள். "யார்?"



"நான்தான்" என்றாள் நவமணி. "கடலை கொடுத்தேன். தினமும்."

துரைசானி ஜிப்பியை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். "வாயில்லாத பிராணியிடம் இரக்கமில்லாத உன்னிடமா என் பிள்ளைகளை விட்டிருந்தேன்? திங்கட்கிழமைக் கப்பலில் போய்விடு."

திங்கட்கிழமை காலையில் அவளுடைய தகரப்பெட்டியைப் பெஞ்சமினே வாசல்வரை சுமந்துவந்தார். ரிக்‌ஷாவில் ஏற்றியபின்னும் கையை அதிலிருந்து எடுக்கவில்லை.

"நவமணி, நீ எதுக்கு..." என்று தொடங்கினார்.

நவமணி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"உங்க வீட்டுப் பருப்புச் சோத்தை மட்டும் இனிமே ஜிப்பிக்கு மாத்தி வைக்காதீங்கண்ணே. வெறும் கஞ்சி ஊத்துங்க, அது வயிறு சரியாயிடும். கோழி ரீத்தாவுக்கே இருக்கட்டும்."