ஐஸ் கடித்த பல்

"மறுபடியும் ஐஸா?"

டாக்டரின் கேள்வியிலேயே சூடு இருந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த ஒல்லிப் பெண்மணி, பால் திருடிய பூனை மாதிரி சிரித்தாள்.

"ஆமா டாக்டர். ஜூஸ் கடையைத் தாண்டினா கை சும்மா இருக்க மாட்டேங்குது. ஒரே கடி, ஐஸோட சேர்ந்து கேப்பும் உடைஞ்சுடுச்சு."

கடைவாய்ப் பல்லுக்குப் போட்ட கேப் அது. இது மூன்றாவது. முதல் கேப் உடைந்தபோது டாக்டர் தன் கைவேலையையே சந்தேகப்பட்டார். இரண்டாவது உடைந்தபோது, அதைச் செய்து கொடுத்த லேப்காரரை வாங்கு வாங்கென்று வாங்கினார். 

இந்த முறை டாக்டர் நிதானமாகப் பார்த்தார். கடி அழுந்தும் இடத்தைக் காட்டும் நீலத்தாளைப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். கேப் போட்ட பல் மட்டுமல்ல, சுற்றியிருந்த பற்களும் பழைய செருப்பு மாதிரி தேய்ந்து தட்டையாகக் கிடந்தன.

"ஐஸ் கடிச்சா ஓரத்துல சில்லு போகும்மா. எல்லாப் பல்லும் இப்படித் தேயாது. எங்கிட்டயே பொய்யா? தூக்கத்துல பல்லைக் கடிக்கறீங்க."

"தூங்கறவளுக்கு அது எப்படித் தெரியும் டாக்டர்?"

"பக்கத்துல படுக்கறவருக்குத் தெரியும். இந்த மாதிரி கேஸுக்கெல்லாம் நான் புருஷனைத்தான் விசாரிப்பேன். கூட்டிட்டு வாங்க."

அவள் சிரிப்பு சட்டென்று நின்றது. "அவரால வர முடியாதுங்க. வாட்ச் ரிப்பேர் கடை வச்சிருக்கார். போன்ல வேணா கேளுங்களேன்."

"போன்ல கேட்டா எல்லாப் புருஷனும் 'நல்லாத் தூங்கறா'ன்னுதான் சொல்லுவான். இதோ பாருங்க, இன்னொரு தடவை அடி பட்டா பல்லு வேரோட பிளந்துடும். அப்புறம் பிடுங்கித்தான் போடணும். காரணம் தெரியாம அடுத்த கேப் போட மாட்டேன். பெண்டாட்டி பல்லைவிட வாட்ச் பெருசாப் போச்சா அவருக்கு?"

 அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

வரச் சொன்ன நாளும் வந்தது. சொன்ன நேரம் தாண்டியும் ஆளைக் காணோம்.

"நான்தான் சொன்னேனே, ஐயாவுக்கு நேரம் இருக்காது" என்று டாக்டர் நர்ஸிடம் அலுத்துக்கொண்டார்.

அப்போது படிக்கட்டில் சத்தம் கேட்டது. தொம்மென்று ஒரு காலடி, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி ஒரு காலடி. லிஃப்ட் காலையிலிருந்தே ஓடவில்லை. யாரோ பீரோ ஏற்றுகிறார்கள் என்று நினைத்து டாக்டர் எட்டிப் பார்த்தார்.

அந்தப் பெண்மணி ஏறிக்கொண்டிருந்தாள். முதுகில் அவள் புருஷன். உயிரில்லாத இரண்டு கால்களும் அவள் இடுப்புக்குக் கீழே தொங்கி ஆடின. அவள் கண் அடுத்த படியில் இருந்தது. தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்து, பல்லோடு பல் பூட்டிக் கிடந்தது.

ஓடிப்போய்த் தாங்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். காற்றடித்தால் பறந்துவிடும் போலிருக்கும் இந்த உடம்புக்குள் இத்தனை பலம் எங்கே இருந்தது!

புருஷனை நாற்காலியில் பூப்போல இறக்கி வைத்த பிறகுதான் அவள் வாயைத் திறந்து மூச்சு விட்டாள். சிரிப்பும் வந்துவிட்டது.

"பழக்கம்தான் டாக்டர். வீடு மாடியில, கடை கீழ. காலையில இறக்குவேன், சாயந்தரம் ஏத்துவேன்." துணி காயப்போட்டு எடுப்பதைச் சொல்வது போலச் சொன்னாள்.

கேப்பை எது உடைத்தது என்று டாக்டருக்கு இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவளைத் தனியாக உள்ளறைக்கு அழைத்தார்.

"ஐஸ்னே இருக்கட்டும் டாக்டர்" என்று அவள் கிசுகிசுத்தாள். "அவருக்குத் தெரிஞ்சா மனசு விட்டுடுவார்."

இருவரும் வெளியே வந்ததும் புருஷனே ஆரம்பித்தார். "தூக்கத்துல ஒரு சத்தமும் இல்ல டாக்டர். ஐஸ்தான். சின்னப் பிள்ளையா, அடிச்சுத் திருத்த?"

பொய் என்றாலே முகம் சுளிக்கும் டாக்டர், அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "ஐஸேதான் சார். இந்தத் தடவை முழுக்க உலோகத்துல கேப் போட்டுடறேன். கூடவே பல்லுல மாட்டிக்க ஒரு ரப்பர் உறையும் தர்றேன். ஐஸ் ஞாபகம் வர்றப்பல்லாம் மாட்டிக்கட்டும்."

"அதை மாட்டிக்கிட்டு எப்படி ஐஸ் கடிக்கறது?"

"கடிக்க முடியாது சார். அதுக்குத்தான்."

அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. அளவெடுத்து முடித்ததும் எழுந்துகொண்டாள்.

"அப்படியே இவர் பல்லையும் பாத்துடுங்க டாக்டர். வலி வலின்னு ராத்திரிச் சாப்பாட்டைத் தொடறதே இல்ல. ஆளே பாதியாயிட்டார். நான் போய் வண்டி பிடிச்சிட்டு வந்துடறேன்."

டாக்டர் அவர் வாயைத் திறந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். ஒரு சொத்தை இல்லை, ஒரு வீக்கம் இல்லை. எல்லாம் கல்லு மாதிரி இருந்தன.

"எந்தப் பல்லு சார் வலிக்குது?"

மனைவியின் காலடிச் சத்தம் கீழ்ப்படி வரைக்கும் போய் மறையும்வரை அவர் காத்திருந்தார்.

"என்னைத் தூக்கிட்டு ஏறுறப்போ என் காது அவ தாடைக்கிட்டதான் இருக்கும் டாக்டர். படிக்குப் படி பல்லு நறநறங்கறது எனக்குக் கேக்காதா?"

அவர் தன் கால்களைத் தடவிக்கொண்டார்.

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. கொஞ்சம் எடை குறையட்டும்னுதான்."