அம்புலன்ஸில் ஏறிய தாய்

ஆல்பனி அரங்கில் ரோலர் டெர்பி ஆட்டம். சக்கரக் காலணியோடு பாய்ந்து வந்த ஷாமிலா தோளால் இடிக்க, எதிரணிப் பெண் தலைகுப்புற விழுந்தாள். எழவில்லை. ஒருத்தி காயப்பட்டால் செய்யும் ஆட்ட வழக்கப்படி எல்லாப் பெண்களும் முழங்காலிட்டார்கள்.

“ஐயோ, என்ர பிள்ளை.” ஷாமிலாவின் அணித்தோழி ஒருத்தியின் தாயான பத்மாவதிக்குப் பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத பெண் செபமாலையோடு ஓடினார். விழுந்தவளின் கையை விடாமலே அம்புலன்ஸில் ஏறினார்.

மற்றவர்கள் எழுந்த பின்னும் ஷாமிலா முழங்காலிலேயே இருந்தாள். பத்மாவதி அருகே போனார்.

“எழும்பு பிள்ளை. விளையாட்டில இடிக்கிறதுதானே. நீ வேணுமெண்டா செய்தனீ?”

“அவளின்ர கால் அசையேல்லை, ஆன்ரி.”

“வா, ஆஸ்பத்திரிக்குப் போவம். அந்தத் தாயிட்ட மன்னிப்புக் கேள்.”

“அவளின்ர அம்மா சமோவாவில. இங்க அவளுக்கு ஒருத்தரும் இல்லை.”

“அப்ப கூடப் போனவ?”

“என்ர அம்மா.”