கழன்றால் வெள்ளவத்தை, ஒட்டினால் கனடா

வள்ளம் செய்யும் ஹியூபேட் மர ஆப்பை அச்சின் விளிம்பில் செருகி, ரப்பர் சுத்தியலால் தட்டினான். வள்ளம் அசையவில்லை.

நேசமலருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

கொழும்பு மட்டக்குளியில், ஹியூபேட்டின் தகரக் கொட்டகைக்குள், அவளுடைய புருஷன் கதிர்காமநாதன் வரைந்து செய்வித்த சின்னப் பாய்வள்ளம் அச்சுக்குள்ளேயே கிடந்தது. அச்சின் உட்புறம் மெழுகு பூசி, பைபர் கண்ணாடியிழையைப் படை படையாக ஒட்டி, காயவிட்டுக் கழற்றவேண்டும். கழன்றால் வள்ளம். ஒட்டிக்கொண்டால் அச்சும் வள்ளமும் சேர்ந்து குப்பை.

ஒட்டிக்கொண்டால் மகன் ராகுலனிடம் கனடாவுக்கு வருவதாகக் கதிர்காமநாதன் சொல்லியிருந்தார். கழன்றால் வெள்ளவத்தை வீட்டை விட்டு அசையமாட்டார். போன மாதம் இருவருக்கும் விசா வந்தபோது, சண்டை பிடித்துச் செய்துகொண்ட ஒப்பந்தம்.

அவளுக்குப் பயமில்லை. அந்த மனிதர் தொடங்கிய எதுவும் முடிந்து அவள் கண்டதில்லை. சூரிய அடுப்பில் பருப்பு வேகவில்லை. மண்ணில்லாமல் வளர்த்த தக்காளி மொட்டைமாடியிலேயே மோட்சமடைந்தது. நீந்தவும் தெரியாது. ஆனால் காற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால், காற்றுக்கே வகுப்பெடுப்பது போலிருக்கும்.

இன்றைக்கும் எடுத்தார். ஹியூபேட்டின் தேத்தண்ணீர் ஆறிப்போனது.

வள்ளம் முகப்பில்தான் அச்சோடு பிடித்திருந்தது. மெழுகு பூசிய பிறகு யாரும் அங்கே கை வைத்தார்களா என்று ஹியூபேட் விசாரித்தான்.

நல்ல நேரம் பார்த்து ஒரு சந்தனப் பொட்டு வைத்ததாகக் கதிர்காமநாதன் ஒப்புக்கொண்டார். சந்தனம் மெழுகைத் தின்றுவிட்டது.

வகுப்பு நின்றது. அவர் வாயடைத்து நிற்பதைப் பார்க்கவே நேசமலர் பஸ் ஏறி வந்திருந்தாள். பார்த்தபோது ரசிக்கவில்லை.

ஹியூபேட் குழாயை இடுக்கில் நுழைத்துத் தண்ணீரைத் திறந்தான். கடைசி வழி அதுதான்.

தண்ணீர் உள்ளே இறங்கிய சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

பிறகு அடியில் எங்கோ ஒரு முனகல். ஒரு ‘டப்’.

வள்ளம் தானாக எழும்பியது.

யாரும் தூக்கவில்லை. தண்ணீர் தூக்கியது. கடலைக் காணமுதலே, தன் அச்சுக்குள்ளேயே அது மிதந்தது.



வெளியே எடுத்துக் கவிழ்த்து வைத்தார்கள். அவித்த முட்டையை உரித்த வெள்ளை. முகப்பில் மட்டும் ஒரு மஞ்சள் பொட்டு. கூரை ஓட்டையால் வந்த வெயில் அதன் வயிற்றில் விழுந்து, வழுக்கிக்கொண்டு ஓடியது.

நேசமலர் கையை வைத்தாள். முகப்பில் தொடங்கிய வளைவு எங்கும் தடக்காமல், ஒரே இழுப்பில் பின்பக்கம் வரை போனது. இதையா இந்த மனிதர் காகிதத்தில் கீறினார்? கேஸ் சிலிண்டர் மாற்றத் தெரியாத இந்த மனிதரா?

அவள் திரும்பவும் தடவினாள். ராகுலன், பனி, விசா எல்லாம் எங்கோ எட்டத்துக்குப் போய்விட்டன. ரயில் பாதைக்கு அப்பால், வெள்ளவத்தைக் கடலில் ஒரு பாய் விரிவதும், அதன் கீழே தான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இருப்பதும் தெரிந்தது. சரி, கனடாவுக்குப் போகவேண்டாம்.

புருஷனிடம் நேரே கேட்க வெட்கமாக இருந்தது.

“தம்பி, இதில நான் எந்தப் பக்கம் இருக்கிறது?”

ஹியூபேட் கதிர்காமநாதனைப் பார்த்தான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

“இது ஒராளுக்குத்தான் ஆன்ட்டி. அங்கிள் முதல் நாள் கீறிக் கொண்டுவந்ததே அப்பிடித்தான்.”